பெரிய பிள்ளைகளுக்கு ஏறுசட்டம் வாங்கும் முன் அவர்களைக் கை உயர்த்தி நிற்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. சின்ன வயதில் வாங்கிய பிளாஸ்டிக் சறுக்குமரம் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது, இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் புல்தரை இருக்கிறது. உயரமான மேடை, நீளமான சறுக்கு, ஏற ஒரு ஏணி, முடிந்தால் ஒரு ஊஞ்சல் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்க நினைக்கிறோம். மகன் எவ்வளவு உயரம் கிடைக்குமோ அவ்வளவு வேண்டும் என்கிறான். இரண்டு வருடத்தில் இதையும் தொடமாட்டார்கள், எதற்கு வீண் செலவு என்பது என் கணவரின் வாதம். என் தங்கையின் 3 வயதுக் குழந்தையும் அடிக்கடி வரும். எதைப் பார்த்து வாங்குவது? மரமா, இரும்பா?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பழைய சறுக்குமரத்தின் பக்கமே அவர்கள் போவதில்லை என்ற வரிதான். ஏன் போவதில்லை என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். வீட்டுத் தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் விளையாட்டு அமைப்புகளைத் திட்டமிட்டுப் பொருத்துவதும், பிறகு போய்ப் போய்ப் பரிசோதிப்பதும்தான் என் வேலை. புதிதாகப் பொருத்திய செட்டைப் பிள்ளைகள் சில மாதத்தில் கைவிட்டதை நிறைய பார்த்துவிட்டேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய பிள்ளைக்கு என்று சொல்லி, சின்னப் பிள்ளையின் செட்டையே கொஞ்சம் உயர்த்தி வாங்கியிருப்பார்கள்.

சறுக்கு என்பது ஒரே ஒரு காரியம் செய்கிற பொருள். 4 வயதில் அது பெரிய காரியம். படி ஏறி, மேலே உட்கார்ந்து, விடலாமா வேண்டாமா என்று யோசித்து, அம்மா முகத்தைப் பார்த்து, கடைசியில் கையை விட்டு வருவதற்குள் குழந்தைக்கு ஒரு யுகமே போய்விடும். 9 வயதில் மூன்று முறை சறுக்கினால் போதும், அது தெரிந்துபோன விஷயம் ஆகிவிடுகிறது. மேடையை இன்னும் அரை மீட்டர் உயர்த்தினால் அந்தப் புதுமை ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் பையன் சறுக்கின் மேல் கீழிருந்து ஓட ஆரம்பிப்பான், மேடையின் கைப்பிடிச் சட்டத்தில் வெளிப்பக்கமாகத் தொங்குவான், செட்டுக்குக் கூரை இருந்தால் அதன் மேல் ஏறுவான். நாம் அதைக் குறும்பு என்று கடிந்துகொள்கிறோம், ஆனால் எனக்கு இதில் சவால் போதவில்லை என்பதைத்தான் அவன் உடம்பால் சொல்கிறான்.

அதனால் என் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சறுக்கை நடுவில் வைத்து யோசிப்பதை விட்டுவிடுங்கள். ஏறுவது, தொங்குவது, கை மாற்றி மாற்றிக் கடப்பது, இந்த மூன்றும் நடுவில் இருக்கட்டும். சறுக்கு கீழே இறங்கும் வழிகளில் ஒன்றாக இருந்தால் போதும். செலவில் பெரும்பங்கு ஏறுசட்டத்துக்கும், அதாவது ஏறவும் தொங்கவும் கம்பிகளைக் கோத்துச் செய்த சட்டகத்துக்கும், அதன் கீழே உள்ள தரைக்கும் போகட்டும். இப்படிச் செய்தால் உங்கள் கணவரின் பயத்துக்கும் பதில் கிடைக்கும், ஏனென்றால் 15 வயதுப் பையனும் கம்பியில் தண்டால் எடுப்பது போல உடம்பைத் தூக்கிப் பார்க்க வருவான், ஆனால் சறுக்க வரமாட்டான்.

கம்பிகளால் ஆன கனசதுர ஏறுசட்டத்துக்கு 1920-இல் அமெரிக்காவில் செபாஸ்டியன் ஹிண்டன் என்பவர் காப்புரிமை கேட்டார், 1923-இல் கிடைத்தது. அந்த யோசனை அவருக்கு வந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய அப்பா கணித அறிஞர், குடும்பம் ஜப்பானில் இருந்தபோது பிள்ளைகளுக்கு முப்பரிமாண வெளியை உணர்த்துவதற்காக மூங்கில் கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிச் சட்டகம் செய்து, கழிகள் சந்திக்கும் ஒரு புள்ளியின் எண்களைச் சொன்னதும் அந்த இடத்துக்கு ஏறிப் போகச் சொல்வாராம். பிள்ளைகளுக்குக் கணக்கை விட ஏறுவதுதான் இனித்திருக்கிறது. நூறு வருடம் கழிந்தும் அந்த வடிவம் பழசாகவில்லை. அதில் இதுதான் வழி என்று எதுவும் கிடையாது, ஒரே சட்டத்தை 6 வயதுக் குழந்தை ஒரு விதமாகவும் 13 வயதுப் பிள்ளை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். நீங்கள் எந்த செட்டைப் பார்த்தாலும் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதில் மேலே போக எத்தனை வழி இருக்கிறது, அவற்றில் ஒன்றாவது என் மகனால் இன்றைக்கு முடியாததாக இருக்கிறதா? ஏணி ஒன்றுதான் வழி என்றால் வேண்டாம். கயிற்று வலை, சாய்வை மாற்றக்கூடிய ஏறுசுவர், முடிச்சுக் கயிறு, செங்குத்துக் கம்பம், இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் நல்லது. ஏறுசுவரின் பிடிகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றினாலே அது புதுச் சுவர்.

இனி உயரம். மகனையும் மகளையும் ஒரு சுவரோரம் நிறுத்திக் கையை நன்றாக உயர்த்தச் சொல்லி, விரல் நுனி எட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையை உயர்த்தினால் எட்டும் உயரம் ஏறத்தாழ அவர் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. 12 வயதில் 150 சென்டிமீட்டர் உள்ள பிள்ளைக்கு அது 1.9 மீட்டர் பக்கம் வரும். 14 வயதில் சராசரி உயரமே 160-ஐத் தொட்டுவிடுகிறது, அப்போது எட்டும் உயரம் 2 மீட்டர். ஆகவே 1.8 மீட்டரில் தொங்குகம்பி உள்ள செட்டை வாங்கினால் உங்கள் மகன் முதல் நாளே காலை மடக்கிக்கொண்டுதான் தொங்க வேண்டியிருக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான தொங்குகம்பி ஏணிக்கு அதிகபட்ச உயரம் 84 அங்குலம், அதாவது 2.1 மீட்டர் சொச்சம். அந்த 2.1 மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு எட்டாவிட்டால் ஒரு முனையில் படி வைத்துக்கொள்ளலாம். உயரமாக வேண்டும் என்ற மகனின் ஆசைக்கு இது போதும், தொங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற உயரத்தை விடக் கைக்குத் தெரிகிற தூரம்தான் அவனுக்குப் பெரிது.

கம்பியின் பருமனையும் மறக்காமல் பாருங்கள், கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளையின் விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்கக் கம்பியின் விட்டம் 3 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், நான் சொல்வது சுற்றளவை அல்ல. 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் பிடி நழுவும். அழகுக்காகத் தடித்த உருட்டுக்கட்டைகளைத் தொங்குகம்பியாக வைத்த செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் பெரியவர்களுக்கே கை நிற்காது.

மேடையின் உயரம் 1.5 மீட்டர் போதும். அதற்குமேல் போனால் சறுக்கின் நீளம், விழும் வேகம், தரைச் செலவு மூன்றும் சேர்ந்து ஏறும். 1.5 மீட்டரிலிருந்து தவறி விழும் உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிறது, 2 மீட்டர் என்றால் 22-ஐத் தாண்டும், 3 மீட்டர் என்றால் 27. இந்த எண்களைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. பிள்ளைகள் விழுவார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்கிறோம். ஏறுகிற பிள்ளை விழாமல் இருக்கப் போவதில்லை, அதனால் விழுகிற இடத்தைச் சரியாக வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. தொங்குகம்பியிலிருந்து விழும் பிள்ளைகள் கையை ஊன்றி விழுவதால் முன்கையும் முழங்கை மூட்டும்தான் அதிகம் முறிகின்றன, தலை அடிபடுவது குறைவாக நடந்தாலும் அதன் விளைவு பெரியது.

உங்கள் புல்தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல் மெத்தை போலத் தெரியும், ஆனால் ஏறுசட்டத்தின் கீழே இரண்டு மாதம் குதித்தால் புல் போய் இறுகிய மண்தான் மிஞ்சும், வெயில் காலத்தில் அது கல்லுக்குச் சமம். ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் சின்னப் பொருள்களுக்குப் புல் பரவாயில்லை, 2.1 மீட்டர் கம்பிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரச்சீவல் அல்லது மரத்துருவல் 23 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருந்தால் ஏறத்தாழ 2.1 மீட்டர் உயர விழுகை வரை தாங்கும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதே ஆழத்துக்கு மணல் போட்டால் 1.2 மீட்டர் வரைதான், உருண்டைக் கூழாங்கல் போட்டால் 1.5 மீட்டர் வரைதான். மணல்தான் மெத்தென்று இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம், உண்மையில் ஈரமான மணல் இறுகிப்போகும். சீவலும் நாளாக ஆகக் கால்வாசியாவது அமுங்கும், ஆகவே 23 வேண்டும் என்றால் 30 சென்டிமீட்டர் கொட்ட வேண்டும். உங்கள் இடம் முழுவதும் போட்டால் 16 கன மீட்டர் ஆகிறது. ஆம், அது ஒரு லாரிச் சமாச்சாரம், செட் விலையைக் கேட்கும்போதே இதன் விலையையும் கேட்டு இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில் தரை கடைசிவரை வந்ததே இல்லை. அடியில் தண்ணீர் இறங்கும் துணி விரித்து, சுற்றிலும் பலகை அடைத்து, தொங்குகம்பியின் கீழும் சறுக்கின் முடிவிலும் கால்பட்டு விலகிய சீவலை வாரம் ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். அதற்குப் பதில் ரப்பர் ஓடு பதிப்பதாக இருந்தால், எத்தனை மீட்டர் விழுகைக்குச் சோதித்தது என்று எழுத்தில் கேளுங்கள், தடிமனை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது உங்கள் 9-க்கு 6 மீட்டரில் எது அடங்கும் என்று பார்ப்போம். சட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், சுவர், வேலி, மரம், தொட்டி எதுவும் அதற்குள் வரக்கூடாது. இரண்டு பக்கமும் கழித்தால் 5.4-க்கு 2.4 மீட்டர்தான் உங்களுக்கு மிச்சம். 1.5 மீட்டர் மேடைக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் சறுக்கு வைத்தால் சறுக்கின் நீளம் 3 மீட்டர், அது தரையில் 2.6 முதல் 2.8 மீட்டர் வரை இடம் பிடிக்கும். மீதியில் 2.4-க்கு 2.4 மீட்டர் ஏறுசட்டம் சரியாக உட்காரும். அதில் பாதியில் மேடை, மறுபாதியின் மேலே தொங்குகம்பிகள், ஒரு முகத்தில் வலை, இன்னொரு முகத்தில் ஏறுசுவர், மூலையில் இறங்குகம்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊஞ்சல் வேண்டாம், இடம் இல்லை. ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும், அது தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரு மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். 2.2 மீட்டரில் தொங்கினால் முன்னே 4.4, பின்னே 4.4. கடைக்காரர் பொருந்தும் என்றுதான் சொல்வார், சட்டம் பொருந்தும், ஆடுகிற பிள்ளை பொருந்தாது.

உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். சறுக்கின் முகம் மதிய, பிற்பகல் வெயிலைப் பார்க்கும்படி வைத்தால் உலோகம் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் தோல் கன்றும் அளவுக்குச் சூடாகும். வேறு வழியே இல்லை என்றால் நிழல்துணி கட்டிய பிறகு பொருத்துங்கள்.

மரமா இரும்பா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் நல்லது உண்டு, பொருளை விட அது எங்கே பழுதாகும் என்று பார்க்க வேண்டும். மரத்தூண் எப்போதும் மண்ணும் காற்றும் சேருமிடத்தில்தான் உளுத்துப்போகும், மேலே பளபளவென்று இருக்கும்போதே தரைமட்டத்தில் பஞ்சாகியிருக்கும். அதனால் தூணை மண்ணில் நேராகப் புதைக்காமல், கான்கிரீட்டில் பதித்த உலோகத் தாங்கியில் நிறுத்துகிற வகையைப் பாருங்கள். கான்கிரீட்டின் மேல்பகுதி தரைக்குள் நன்றாக அடங்கியிருக்க வேண்டும், விழும் பிள்ளையின் தலையை அது சந்திக்கக் கூடாது. யாராவது பழைய மர செட்டை இலவசமாகத் தந்தால் யோசியுங்கள்: 2004-க்கு முன்னால் மரத்துக்கு ஆர்செனிக் கலந்த பச்சை மருந்து ஏற்றுவது சகஜமாக இருந்தது, அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 கடைசியோடு நிறுத்தினார்கள். இரும்பு என்றால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய், வெறும் பெயின்ட் போதாது. குழாயின் திறந்த முனைகளுக்கு மூடி இருக்கிறதா, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் உள்ளிருந்து தின்றுவிடும். என்னைக் கேட்டால், உங்கள் அளவுக்குத் தூண்கள் மரம், தொங்குகம்பிகள் இரும்பு. தொங்குகிற கைக்கு மரம் சிராய் தரும், வெயிலில் நிற்கும் உடம்புக்கு இரும்பு சுடும்.

கயிறு வாங்கும்போது பளிச்சென்ற மலிவான பாலிபுரொப்பிலீன் கயிறு வேண்டாம், வெயிலில் நாராகப் பிரிந்துவிடும். உள்ளே எஃகு இழை வைத்துப் பின்னிய 16 மில்லிமீட்டர் கயிறுதான் பொது விளையாட்டுத் திடல்களில் பயன்படுகிறது, விலை கூட, ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு அதுதான். கயிற்றின் இரண்டு முனைகளும் கட்டப்பட்டிருக்க வேண்டும், மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்ட மெல்லிய கயிறு கழுத்தில் வளையமாகச் சுற்றிக்கொள்ளும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எடை வரம்பைக் கட்டாயம் படியுங்கள். வீட்டு உபயோக செட்டுகள் பலவற்றில் ஒருவருக்கு 50 கிலோ என்று இருக்கும். உங்கள் மகன் இன்று 40 கிலோ சுற்றி இருக்கலாம், இரண்டு மூன்று வருடத்தில் 50-ஐத் தாண்டிவிடுவான். அவன் தனியாகவும் விளையாட மாட்டான், நண்பர்கள் மூன்று பேர் கூட இருப்பார்கள். சும்மா தொங்கும் பிள்ளை கம்பியைத் தன் எடை அளவுக்குத்தான் இழுக்கிறான், ஆனால் 60 டிகிரி வரை வீசி ஆடிக் கீழே வரும்போது அதே பிள்ளை இரு மடங்கு எடையாக இழுக்கிறான். ஐரோப்பிய அளவுகோலில் வீட்டுச் செட்டுக்கு ஈஎன் 71, பொதுத் திடலுக்கு ஈஎன் 1176 என்று தனித்தனியாக இருக்கின்றன. சட்டத்தை மட்டும் பொதுத் திடல் தரத்தில் வாங்கிச் சறுக்கைச் சாதாரணமாக வாங்கிக்கொள்ளலாம், கட்டுப்படியாகும் என்றால் அதைத்தான் நான் சொல்வேன்.

கடைசியாக உங்கள் தங்கையின் குழந்தை. மேடையின் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே, ஏணிப் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் குழந்தையின் உடம்பே நுழையாது, 23-க்கு மேல் இருந்தால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருக்கும் அளவுகள்தான் ஆபத்து, உடம்பு கால்வழியாக நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கீழ் மீட்டரில் படிகளே இல்லாமல், பெரிய பிள்ளைகள் தாவிப் பிடித்து ஏறும்படி வைத்துக்கொண்டால் 3 வயதுக் குழந்தை அந்த வழிகளில் தானாக மேலே போவது கடினம்.

குழந்தையை மடியில் உட்கார வைத்து யாரும் சறுக்கவே கூடாது, அக்காவும் சரி, நீங்களும் சரி. கேட்பதற்கு இதுதான் பத்திரம் என்று தோன்றும். குழந்தையின் பாதம் சறுக்கின் ஓரத்தில் உரசி நின்றுவிடும், பின்னால் இருக்கும் பெரிய உடம்பின் எடையோ நிற்காமல் தள்ளும், கணுக்காலுக்கு மேலே எலும்பு திருகி முறியும். தனியாக வந்திருந்தால் அந்தச் சின்ன எடைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பழைய பிளாஸ்டிக் சறுக்குமரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம், வெடிப்பு இல்லை என்றால் கழுவி, இந்த 9-க்கு 6 மீட்டருக்கு வெளியே ஒதுக்குப்புறமாகப் புல்மேல் போட்டு வையுங்கள், அது அந்தக் குழந்தையுடையது.

பொருத்திய பிறகு முதல் மாதம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், புது மரம் காய்ந்து சுருங்கும்போது எல்லாம் தளர்ந்திருக்கும். நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்து மழுக்கி மூடி போடச் சொல்லுங்கள், சட்டையின் கழுத்துக் கயிறு மாட்டுவது அதில்தான். மேலே ஏறும் முன் சைக்கிள் ஹெல்மெட்டையும் கழுத்தில் தொங்குவதையும் கழற்றிவிட வேண்டும் என்பதை மகனிடம் ஒப்படையுங்கள், 12 வயதில் அந்தப் பொறுப்பை அவன் ஏற்பான், தங்கைக்கும் சொல்வான். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் சுவரில் குறித்த இரண்டு அளவையும், சட்டத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், கம்பி உயரத்தையும் இடைவெளிகளையும் நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.